மைனஸ் பதினெட்டில் ஒரு மாம்பழம்

பழுத்த மாம்பழத்துக்கு நாலைந்து நாள்தான் ஆயுள். மே மாதம் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோப்பில் காம்போடு பறித்து, பால் வடியக் கவிழ்த்து வைத்து, மண்டிக்கு ஏற்றிய காய் ஒரு வாரத்தில் பழமாகும். அடுத்த வாரம் அழுகும். அதற்குள் யார் கைக்குப் போய்ச் சேர்கிறதோ, அவர்களுக்கு மட்டும்தான் அது பழம். அதே மாம்பழம் செப்டம்பரில், இரவு ஷிப்டு முடித்து சென்னையை அடுத்த ஒரகடத்து வாடகை அறைக்குத் திரும்பும் ஒரு பெண்ணின் டம்ளரில் இருக்கிறதென்றால், நடுவே நான்கு மாதங்களை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது குளிர். அந்தக் குளிரை உண்டாக்கும் கருவிகளில் பலவும் அவள் வேலை செய்யும் அதே சாலையோரத்தில்தான் தயாராகின்றன. இந்த ஊர்க்காரர்களே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மா என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று கிருஷ்ணகிரி. ஆண்டுதோறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி அங்கேதான் நடக்கிறது. அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரா, மல்கோவா எல்லாம் உண்டு. ஆடி வரைக்கும் தாக்குப்பிடிக்கும் நீலமும் உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தைத் தாங்கி நிற்பது, கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லப்படும் நீளக் காய்தான். அதில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குப் போகிறது. கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, டிரம்களில் வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். அந்தக் கூழுக்குக் குளிர் வேண்டாம். சாதாரணக் கிடங்கிலேயே இருக்கும். பாட்டிலில் வரும் மாம்பழப் பானங்களுக்கு அடிப்படை அதுதான். சூடு பட்ட மாம்பழத்துக்கென்று ஒரு வாசனை உண்டு, ஜாமை நினைவூட்டும் வாசனை. தீயே படாமல் உறையவைத்த துண்டில் அது இருக்காது. வீட்டில் ஜூஸ் போடுகிறவர்களுக்கு நான் உறைந்த துண்டைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் விலை. 2025 பருவத்தில் காய்ப்பு கொட்டியது. ஆலைகளிலோ முந்தைய பருவத்துக் கூழ் விற்காமல் தேங்கிக் கிடந்தது. தோத்தாபுரி கிலோ நான்கைந்து ரூபாய்க்கு இறங்கியது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத விலை அது. பக்கத்துச் சித்தூரில் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும் என்று சொல்லி, ஆந்திர அரசு தன் பங்காக 4 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூர் ஆலைகளுக்குள் வரக் கூடாது என்று தடையும் போட்டார்கள். விளைந்தது எல்லையில் நின்றது. ஒரே வகைக் காயும், கூழ் என்ற ஒரே வாங்கும் வாசலும் இருந்தால் நல்ல விளைச்சல்கூடத் தண்டனையாகிவிடும். உறைந்த பழம் அந்தத் தோப்புக்கு இன்னொரு வாசல். இப்போதைக்குச் சின்ன வாசல்தான். ஆனால் நார் இல்லாத அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் அதன் வழியே போகின்றன. கெட்டிச் சதையுள்ள தோத்தாபுரியும் துண்டு கலையாமல் போகும்.

உறையவைக்கும் ஆலைக்குப் போகிற பழம் சரியாகப் பழுத்திருக்க வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. அதற்குப் பதில், மூடிய அறையில் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை செலுத்த அனுமதி உண்டு. பழம் தானாகப் பழுக்கும்போது வெளிவிடும் வாயுவும் அதுதான். பழுத்ததைக் கழுவி, அடிபட்டதை ஒதுக்கி, தோல் சீவி, கொட்டையிலிருந்து சதையைப் பிரிப்பது பெரும்பாலும் கைவேலை. பிறகு சதையைச் சதுரத் துண்டுகளாக்கிக் கம்பிவலைப் பட்டையில் விடுகிறார்கள். அடியிலிருந்து மைனஸ் 35, 40 டிகிரிக் குளிர்காற்று சீறி வரும். பொரி வறுக்கும் சட்டியில் அரிசி துள்ளுவதுபோல் துண்டுகள் அந்தக் காற்றில் துள்ளிக்கொண்டே நகர்கின்றன. அதனால் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. சில நிமிடங்களிலேயே கல்லாகிவிடும்.

இந்த அவசரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாம்பழத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மெதுவாக உறைந்தால் பனிக்கட்டிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல்சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது பழம் குழைந்து நீர் வடியும். வேகமாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியதாக இருக்கும், சுவர்கள் பெருமளவு தப்பும். இதை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1910களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தபோது, இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடிகளில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புது மீன்போலவே இருப்பதையும் பார்த்தார். அந்த அறிவை இயந்திரமாக்கினார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த காய், பழம், மீன் விற்பனை தொடங்கியது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்குக் கற்றுக்கொடுத்த மீனவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

மாசசூசெட்ஸுக்கும் நமக்கும் குளிர் விஷயத்தில் அதற்கு முந்தைய உறவும் உண்டு. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் அந்த ஊர்க் குளங்களில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடற்பயணத்தில் அனுப்பினார். முதல் சரக்கு 1833இல் கல்கத்தா வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842இல் கட்டிய வட்டக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். அன்று வெள்ளைக்காரர்களின் மேசைக்கு மட்டும் குளிர் கப்பலில் வந்தது. இன்று அந்தக் கடற்கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, குளிரை உண்டாக்கும் பெட்டிகளையே செய்து வெளியே அனுப்புகிறோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை தேசிய நெடுஞ்சாலை 48. இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் புறவழி, சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக வரும். மூன்று மாதத்துக்குத் தார்ப்பாய் போர்த்திய மாங்காய் லாரிகள் இதில் போகும். உறைந்த துண்டு தார்ப்பாயில் வராது. நுரைச்சுவர் வைத்த ரீஃபர் வண்டியில், பெட்டிக்குள் மைனஸ் 18 டிகிரியில் வரும். முகப்பில் தனியாக ஒரு குளிர் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். சுங்குவார்சத்திரம் நெரிசலில் ஷிப்டு பஸ்களுக்கு நடுவே வண்டி நின்றாலும் அது நிற்கக் கூடாது. வெப்பம் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கினால் நுண்படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு போய்ச் சேரும். ஆலையில் சில நிமிடங்களில் செய்த நல்ல வேலை அங்கே வீணாகும்.

இனி இந்தச் சாலையோரத்தைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிறார்கள். ஃப்ரிட்ஜின் இதயமான கம்ப்ரஸரையும் இங்கேயே செய்வதற்கு 2022இல் அந்த நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டையில் டென்மார்க்கின் டான்ஃபாஸ், குளிர்பதனத்துக்கான கருவிகள் செய்கிறது. அதே ஒரகடத்தில் 2012இல் திறந்த டைம்லர் ஆலையிலிருந்து பாரத்பென்ஸ் லாரிகள் வெளியே வருகின்றன. ரீஃபர் பெட்டியைத் தாங்கிப் போவது அப்படிப்பட்ட லாரிகள்தான். மாம்பழம் வரும் அதே சாலையில் எதிர்த்திசையில் அட்டைப்பெட்டி கட்டிய ஃப்ரிட்ஜுகள் வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு என்று போய்க்கொண்டிருக்கின்றன. குளிர்ச் சங்கிலியின் கண்ணிகளில் இத்தனை ஒரே வட்டாரத்தில் உருவாகும் இடம் இந்தியாவில் அதிகம் இருக்காது என்பது என் எண்ணம். அந்தக் கண்ணிகளை உருவாக்கும் கைகளுக்குச் சம்பளமும் சங்க உரிமையும் எளிதாகக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

துண்டு கடைக்கு வந்துவிட்டது. கண்ணாடி மூடி போட்ட டீப் ஃப்ரீசரில், பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கும். பாக்கெட்டைக் கையில் எடுத்துக் குலுக்குங்கள். துண்டுகள் தனித்தனியாகக் கலகலவென்று உருண்டால் வழியெல்லாம் குளிர் குறையவில்லை என்று நம்பலாம். ஒரே கட்டியாக இருந்தாலோ, பைக்குள் பனித்தூள் படிந்திருந்தாலோ எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. விலை குறைத்துக் கொடுத்தாலும் அதை எடுக்க வேண்டாம்.

"ஐஸ்ல வச்ச பழத்துல என்னக்கா சத்து இருக்கும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உறைவதால் மட்டும் சத்து பெரிதாகக் குறைவதில்லை. வெட்டும்போதும் கழுவும்போதும் கொஞ்சம் போகும். வைட்டமின் சி மாதக்கணக்கில் மெல்லக் குறையும். மாம்பழத்துக்கு மஞ்சள் தரும் கரோட்டின் பெருமளவு அப்படியே இருக்கும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. 2013இல் அமெரிக்காவில் உறைந்த பழக்கலவை சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. துருக்கியிலிருந்து வந்த மாதுளை முத்துகள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே வீட்டில் உறையவைக்கிறவர்கள் பழத்தையும் கத்தியையும் கையையும் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். உறைந்த பிறகு கழுவிப் பயனில்லை.

வீட்டிலேயே உறையவைக்கலாமா? தாராளமாக. ஜூன் மாதம் ஒரகடம் பக்கத்துப் படப்பைச் சந்தையில் பழம் மலிந்து கிடக்கும்போது வாங்கி, தோல் சீவி, துண்டு போட்டு, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, ஃப்ரீசரில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். கல்லானதும் பையில் போட்டு, உள்ளே காற்று இல்லாமல் அழுத்திக் கட்டுங்கள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். படிகம் பெரிதாகும், செல்சுவர் கிழியும். கடித்துத் தின்பதற்கு அது குறைதான். ஜூஸுக்கு அது குறையே இல்லை. மிக்ஸி எப்படியும் கிழிக்கப்போவதைக் குளிர் முன்கூட்டியே கிழித்துவிடுகிறது. சாறு இன்னும் எளிதாக இறங்கும். ஆலையின் அவசரம் நமக்குத் தேவைப்படாத ஒரே இடம் இது. சரியாக மைனஸ் 18 காட்டும் ஃப்ரீசரில் எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு எப்போதும் அவ்வளவு இறங்காது. அதில் இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வாழைப்பழத்தைத் தோல் உரித்துத்தான் உறையவைக்க வேண்டும். தோலோடு வைத்தால் கறுத்து ஒட்டிக்கொள்ளும். கருப்பட்டி நிறத்துக்குப் புள்ளி விழுந்த கற்பூரவள்ளிதான் இதற்கு ஏற்றது. கம்பம் பன்னீர் திராட்சையை அப்படியே முழுதாக உறையவைத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் திராட்சையின் மணம் குளிரிலும் அடங்குவதில்லை. நாவற்பழம் உறைவதற்கென்றே பிறந்த பழம் என்பேன். நுங்கை மட்டும் விட்டுவிடுங்கள், உருகினால் ரப்பர்.

ஜூஸில் உறைந்த பழத்தின் பெரிய உதவி, ஐஸ்கட்டி போட வேண்டியதில்லை என்பது. கடைசி மடக்கு வரை நீர்க்காது. மிக்ஸி ஜாரில் முதலில் தண்ணீரோ பாலோ ஊற்றி, பிறகு துண்டுகளைப் போடுங்கள். வெறும் கல்லைப் பிளேடில் போட்டால் சுற்றாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்தாலே வேலை பாதியாகும். பின்பக்கமாகத் திருப்பும் விப் நிலையில் விட்டு விட்டு ஓட்டி, பிறகு முழு வேகம். திடீரென்று நின்றுவிட்டால் மிக்ஸி கெட்டுப்போகவில்லை. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கும். சூடு ஆறியதும் அதை அழுத்திவிட்டுத் தொடரலாம். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி இன்றும் ஓடும் வீடுகளில் இந்தப் பொறுமை இன்னும் கொஞ்சம் வேண்டும்.

ஸ்மூத்தி என்றால் கெட்டியாக, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாக இருக்க வேண்டும். இரவே ஊறவைத்த ஒரு கை அவல், ஒரு கிண்ணம் தயிர், ஒன்றரைக் கிண்ணம் மாம்பழத் துண்டு, ஒரு ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை. இரவு ஷிப்டு முடிந்து காலையில் திரும்புகிறவருக்கு, அடுப்பு மூட்டாமல் வயிறு நிறைந்து தூங்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: அன்னாசியையும் பப்பாளியையும் பாலோடு அரைத்தால் உடனே குடித்துவிடுங்கள். அவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும்; உறையவைத்தாலும் அந்த நொதிகள் சாவதில்லை. சூடு மட்டும்தான் அவற்றை அடக்கும்.

சோர்பே கொஞ்சம் கணக்கு கேட்கும். பாலே இல்லாமல் பழம், சர்க்கரை, தண்ணீர் மட்டும் சேர்ந்த உறைபண்டம் அது. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. சர்க்கரை ஏற ஏற உறைநிலை இறங்கும். கலவையில் நூற்றுக்கு 25 பங்கு அளவில் சர்க்கரை இருந்தால் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கரண்டியால் வழிக்கலாம். குறைந்தால் பாறை, கூடினால் பாகு. மாம்பழத்தில் ஏற்கெனவே ஏறத்தாழ 15 சதவீதம் சர்க்கரை உண்டு. அதனால் 500 கிராம் துண்டுக்கு 90 கிராம் சர்க்கரையை 60 மில்லி தண்ணீரில் கரைத்த பாகு போதும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் அரைத்து, அகலப் பாத்திரத்தில் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்து, அரைமணிக்கொரு முறை முள்கரண்டியால் கிளறினால் படிகம் பெரிதாகாது. தர்பூசணியில் சர்க்கரை எட்டு சதவீதம் அளவுதான். அதே 500 கிராமுக்கு 140 கிராம் தேவைப்படும். அங்கே சர்க்கரைப் பாகின் ஒரு பங்குக்குப் பதில் நன்னாரிப் பாகு ஊற்றிப் பாருங்கள். மாம்பழத்தோடு மட்டும் நன்னாரியைச் சேர்க்காதீர்கள். இரண்டு பெரிய மணங்களும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

மின்சாரம் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருப்பதே பாதி காப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னைப் புறநகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் விளக்கு இல்லை. அப்படி உருகிய பழத்தில் இன்னும் பனித்துகள் இருந்து, தொட்டால் சில்லென்று இருந்தால், அன்றே அடுப்பேற்றி ஜாம் கிண்டிவிடலாம். வெதுவெதுப்பாகிவிட்டதைத் தூக்கிப்போட மனம் தயங்கும்; போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஃப்ரீசரே இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வேலை செய்யும் இளம்பெண்களில் பலர் விடுதியிலும், நாலைந்து பேர் சேர்ந்த வாடகை அறையிலும் இருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் செய்யும் ஊரில் அவர்கள் அறையில் ஃப்ரிட்ஜ் இருப்பது நிச்சயமில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய விடுதி திறந்தது. ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் 18,720 பேர் தங்கும் அளவுக்கு இடம். அங்கே வாரத்துக்கு ஒரு டம்ளர், ஆளுக்கு 150 கிராம் மாம்பழத் துண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 2.8 டன் துண்டு வேண்டும். தோலும் கொட்டையும் போக ஒரு கிலோ துண்டுக்கு இரண்டு கிலோ அளவில் பழம் பிடிக்கும். ஆக, ஒரு விடுதிக்கு மட்டும் வாரம் ஐந்தரை டன்னுக்கு மேல், ஒரு லாரிச் சரக்கு. பருவம் முடிந்த பிறகும் அதே அளவு, மாதக்கணக்கில். ஆலை கேன்டீன்களையும் சேர்த்தால், நான்கு ரூபாய்க்கு விலை போகாமல் தரையில் கொட்டிய காயில் ஒரு பங்குக்கு இந்தச் சாலையிலேயே சாப்பிட ஆள் இருக்கிறது. இதற்குப் புது ஆலை எதுவும் வேண்டாம். விடுதிச் சமையலறைகளும் கேன்டீன்களும் கிருஷ்ணகிரி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோடு முன்கூட்டியே அளவும் விலையும் பேசி எழுத்தில் போட வேண்டும். பறிப்பு மே மாதம் மும்முரமாகும். பேச்சு மார்ச்சிலேயே முடிந்திருக்க வேண்டும்.